ஏன்மொழியியல்: பற்றாளர் துன்பத்திற்குப் பிறர் உரைக்கும் விடைகளின் வகைப்பாடு

பாயிரம்

மாணாக்க, செவி கொடு. இறைவனை நம்பி, ஞாயிறுதோறும் திருக்கூடம் சென்று, உண்ணுமுன் தலைதாழ்த்தி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமல் வாழும் கிறித்தவர் ஒருவர்க்குத் துன்பம் வந்தால், அது ஏன் வந்தது என்று அறிய அவர் எங்கும் செல்ல வேண்டுவதில்லை. அறிந்தோர் அவர் வீடு தேடி வருவர். அவர்கள் உரைக்கும் விடைக்கு ஏன்மொழி என்று பெயர். உரைப்பவர் ஏனுரைஞர். கேட்டுக்கொண்டு கிடப்பவர் உறுநர். துன்பம் நேர்ந்த பொழுதுக்கும் முதல் ஏன்மொழி வந்துசேரும் பொழுதுக்கும் இடைப்பட்டது வெற்றிடை எனப்படும்.

நூற்பா: உறுநர் வினவார், விடைவரும் முன்னே.

இந்நூலுக்கு உரிய நிலம், இராமானுசர் 1017இல் தோன்றிய திருப்பெரும்புதூரை நடுவாகக் கொண்டு, இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை ஆகியவற்றை எல்லையாக உடையது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆக்கத் தொடங்கிய பின் ஆலைகள் பெருகின. நெல்லை, தூத்துக்குடி, குமரி நாட்டுப் பற்றாளர் பலர் இங்கே வாடகைக்குக் குடிவந்தனர். ஆய்வுக்கு இந்நிலத்தைத் தேர்ந்தமைக்கு ஒரு வலுவான பொருத்தம் உண்டு. பிற ஊர்களில் ஏனுரைஞர் மாலையில் மட்டும் வருவர். இங்கே ஆலைகள் முப்பொழுதும் ஓடுவதால் ஏனுரைஞரும் முப்பொழுதும் வருகின்றனர். ஆய்வாளனுக்கு இதனினும் வாய்ப்பான களம் வேறில்லை.

வகைகளை விளக்க ஒருவரைக் காட்டாளராகக் கொள்வோம். அவர் வல்லத்தில் ஒற்றை அறையில் மனைவியோடும் பள்ளி செல்லும் மகளோடும் குடியிருப்பவர். உதிரிப்பொருள் ஆலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர். இரவு முறை முடித்து விடியலில் ஈருருளியில் திரும்பும்போது, சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் கனவுந்து சிந்திவிட்டுப் போன எம்-சாண்டில் சறுக்கி விழுந்தார். வலக்கால் முறிந்தது. அத்திங்கள் முடிவில் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. மணல் ஏன் சிந்தியது என்னும் வினா நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது, ஏன்மொழியியலுக்குப் புறம்பு. ஏனுரைஞர் எவரும் அதனை எழுப்பியதில்லை.

முதல் இயல்: துன்பத்தின் பாகுபாடு

துன்பம் மூன்று. பற்றால் உறுவது, பற்றிருந்தும் உறுவது, தன்னால் உறுவது. முதலாவதில் மூன்றாம் வேற்றுமை உருபும், இரண்டாவதில் உயர்வு சிறப்பும்மையும், மூன்றாவதில் தற்சுட்டும் வந்தமை காண்க. இலக்கணம் பிழைத்தால் இறையியலும் பிழைக்கும்.

பற்றால் உறுவதற்கு எடுத்துக்காட்டு நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. 1712இல் பிறந்தவர், வேணாட்டு அரண்மனைப் பணியாளர். கால்நடையும் விளைச்சலும் அழிந்து அவர் சோர்ந்திருந்தபோது, 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு மார்த்தாண்ட வர்மனின் படைத்தலைவராகிவிட்ட ஒல்லாந்தக் கும்பினிப் படையினர் டிலனாய் அவருக்கு, மறைநூலில் எல்லாம் இழந்து துன்புற்ற நல்லவராகிய யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறை. எருமைமீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிசு அவரைத் தூயர் என அறிவித்தார். துன்பத்தில் இருந்தவர் யோபுவின் வரலாற்றைக் கேட்டபின் இன்னும் பெருந்துன்பத்திற்கு ஆளானார் என்பதனை மாணாக்கன் குறித்துக்கொள்க. ஆறுதல் உரைப்போர் இவ்வொழுங்கைத் தலைகீழாகவே எதிர்பார்க்கின்றனர்.

பற்றிருந்தும் உறுவது நம் காட்டாளர் துன்பம். அவர் எந்நெறியைச் சார்ந்தவர் என்பது அம்மணலுக்குத் தெரியாது.

தன்னால் உறுவது, தொடர்ந்து நான்கு நாள் தாமதமாகச் சென்று எச்சரிக்கை மடல் பெறுவது போல்வது. இவ்வகையினர் தம் துன்பத்தை முதல் வகைக்கு உயர்த்திக்கொள்வதுண்டு. அதற்கு வகையேற்றம் என்று பெயர். "நான் கிறிஸ்தவன்னுதான் சூப்பர்வைசருக்கு என்னைக் கண்டாலே ஆகல" என்பது அதன் வாய்பாடு. உண்மையிலேயே அவ்வாறு வெறுக்கும் மேற்பார்வையாளரும் உளர். ஆகவே ஒவ்வொரு நேர்வையும் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் துணிக.

பேதுருவின் முதல் மடல், நான்காம் பகுதியில், எவற்றால் துன்புறலாகாது என்று நான்கனை விலக்குகிறது: கொலை, களவு, தீச்செயல், பிறர் செய்தியில் தலையிடல். முதல் மூன்றும் இந்நிலத்துப் பற்றாளரிடம் அரிது. நான்காவதை இந்நூல் விரித்துரையாது. ஏனுரைஞர் அனைவரும் அன்பினால் வருபவர் ஆதலின், அதற்கு இங்கே எடுத்துக்காட்டுக் கிடைத்திலது.

இரண்டாம் இயல்: ஏன்மொழி ஆறு

ஒன்று: குறைதேடுமொழி. துன்பம் வந்ததாயின் குறை ஒன்று இருந்தே தீரும் எனக் கொண்டு, அதனை உறுநரிடமே தேடுவது. இதன் முதலாசிரியர் யோபுவின் நண்பர் எலிப்பாசு. அவர் முதல் உரையில் மென்மையாகத் தொடங்கினார்; மூன்றாம் உரையில், அஃதாவது 22ஆம் பகுதியில், யோபு ஏழைகளின் ஆடையை உரிந்தவர், களைத்தவர்க்குத் தண்ணீர் தராதவர் என்று பட்டியலே இட்டுவிட்டார். சான்று ஒன்றும் காட்டவில்லை. குறைதேடுமொழி நாள் செல்லச் செல்ல வளரும் இயல்பினது என்பதற்கு இதுவே சான்று.

இது நான்கு கிளைகளை உடையது. (அ) தன்குறை: "மனசுல ஏதாச்சும் மறைச்சு வெச்சிருக்கீங்களா பிரதர்?" (ஆ) முன்னோர்குறை: "உங்க தாத்தா காலத்துல குலசாமிக்கு ஏதும் நேர்ந்திருந்தாங்களா?" பிறவிக் குருடனைக் கண்டு, தீவினை செய்தவன் இவனா, பெற்றோரா என்று இயேசுவிடம் மாணாக்கர் கேட்டதாக யோவான் ஒன்பதாம் பகுதி கூறுகிறது, இரண்டும் இல்லை என்று விடை கிடைத்தும் இக்கிளை பட்டுப்போகவில்லை. (இ) பதின்கூற்றுக்குறை: "சம்பளத்துக்குத் தசமபாகம் கரெக்டா கொடுத்தீங்க, சரி. ஓ.டி. பணத்துக்கு எடுத்து வெச்சீங்களா?" இக்கிளை முப்பொழுதுப் பணி நடக்கும் நிலத்துக்கே உரியது. காட்டாளர் கூரையைப் பார்த்து மூன்று திங்கள் ஓ.டி.யை உள்ளுக்குள் கூட்டத் தொடங்கியதை அவர் மனைவி கண்டார். (ஈ) ஞாயிற்றுக்குறை: "போன மாசம் ரெண்டு ஞாயிறு ஆராதனைக்கு வரலியே." அவ்விரண்டு ஞாயிறும் காட்டாளருக்கு முதல்முறைப் பணி. பணிப்பட்டியலை எழுதியவருக்கோ கால் நன்றாக இருக்கிறது.

இரண்டு: உலைமொழி. துன்பம் உறுநரைத் தூய்மையாக்க வந்தது என்பது. பழைய கிளைகள் இரண்டு: பொற்புடம், குயவன்சுழல். இந்நிலத்தில் மட்டும் வழங்கும் மூன்றாவது கிளை ஒன்றைக் கண்டு, தடவெள்ளோட்டம் எனப் பெயரிட்டோம். ஒரகடத்தில் நடுவணரசின் ஊர்தி ஆய்வு நடுவம் உள்ளது. அங்கே ஓட்டத்தடங்களும் மோதல் ஆய்வுக்கூடமும் உண்டு. அதனால் தரப்பிரிவில் பணிபுரியும் ஏனுரைஞர் இவ்வாறு கூறுவர்: "நல்ல பீஸைத்தான் தம்பி டெஸ்டுக்கு எடுப்பாங்க. ஆண்டவர் உன்னைச் செலக்ட் பண்ணியிருக்கார்." மோதல் ஆய்வுக்கு உட்பட்ட வண்டி பின்னர் விற்பனைக்கு வருவதில்லை என்பது தரப்பிரிவார்க்கு நன்கு தெரியும். எனினும் ஏன்மொழி உரைக்கும்போது அதனை அவர் நினைவுகூர்வதில்லை. இதற்கு அறிவடக்கம் என்று பெயர்.

மூன்று: பகைமொழி. உறுநர் பெரும்பணி ஒன்றுக்கு உரியவர், ஆகவே பகைவன் தாக்குகிறான் என்பது. "நீங்க பெரிய ஊழியம் செய்யப் போறீங்க, அதான் சாத்தானுக்குப் பொறுக்கல." ஆறனுள் உறுநர்க்கு இனியது இதுவே. காட்டாளரும் இதனைக் கேட்டு முதன்முறையாக எழுந்து அமர்ந்தார். மறைச்சான்று வலுவாக உள்ளதும் இதற்கே: யோபு நூலின் தொடக்கத்தில் இறைவன் திருமுன் சாத்தான் விடுத்த அறைகூவல்தான் துன்பம் அனைத்தின் தோற்றுவாய். ஆனால் 42 பகுதிகளிலும் இச்செய்தி யோபுவுக்குச் சொல்லப்படவே இல்லை. நண்பர் எவரும் அறியார். படிப்பவர் மட்டுமே அறிவர். உறுநர் அறியாமலே நடப்பதாக மறை காட்டியதனை உறுநரிடமே உரைக்கும் ஏனுரைஞர், அறைகூவல் நடந்தபோது அவ்விடத்தில் தாமும் இருந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும்.

நான்கு: மறைநலமொழி. இத்துன்பத்தின் உள்ளே ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது என்பது. கிளை மூன்று. (அ) தடுநலம்: கால் முறிந்ததால் இதனினும் பெரிய தீங்கு ஒன்று தடுக்கப்பட்டது. அத்தீங்கு நிகழவில்லை ஆதலின் மறுத்தல் அரிது. (ஆ) தாழ்நலம்: நன்மை பின்னர் வரும். எடுத்துக்காட்டு, திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை. 2006இல் தொடங்கியது. வருமான வரி வழக்கில் ஆலை முடக்கப்பட்டமையால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1இல் ஆக்கம் நின்றது. "கதவு ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு திறக்கும்" என்று அன்று ஏனுரைஞர் உரைத்தனர். 2019இல் சால்காம்ப் என்னும் நிறுவனம் அவ்வாலையை எடுத்துக்கொள்ளும் அறிவிப்பு வந்தது. ஏன்மொழி பொய்த்ததில்லை, ஐந்தாண்டு ஆயிற்று, அவ்வளவே. அதற்குள் உறுநர் கடனை அடைக்க வேறு கதவுகளைத் தாமே தட்டியிருந்தனர். (இ) ஈட்டுநலம்: இழந்தது இரட்டிப்பாகத் திரும்பும். யோபுவின் கணக்கு இதற்கு அடிப்படை. 7,000 ஆடு 14,000 ஆயிற்று. 3,000 ஒட்டகம் 6,000 ஆயிற்று. 500 ஏர் மாடு 1,000 ஏர் ஆயிற்று. 500 கழுதை 1,000 ஆயிற்று. மக்களோ முன்னர் ஏழு ஆண், மூன்று பெண். பின்னரும் ஏழு ஆண், மூன்று பெண். பத்து ஏன் இருபது ஆகவில்லை? இறந்த பத்துப் பேரும் இறைவனிடம் உள்ளமையால் கூட்டினால் இருபது என்பர் ஒரு சாரார். ஆட்டைத்தான் இரட்டித்துத் தரலாம், பிள்ளையை எண்ணால் ஈடுசெய்ய இயலாது என்பர் மற்றொரு சாரார். பிள்ளையை இழந்தோர் வீட்டில் இக்கணக்கை எடுத்த ஏனுரைஞர் தேநீர் வருமுன் வெளியேற நேர்ந்தது.

ஐந்து: சான்றோர்காட்டுமொழி. உறுநரினும் பெருந்துன்பம் உற்ற ஒருவரைக் காட்டுவது. "தோனாவூர் ஆமி அம்மாவைப் பாருங்க பிரதர், அவங்களுக்கும் கால்தான் முறிஞ்சது." ஆமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தவர், கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமியரைக் காத்து வளர்த்தவர். 1931இல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பின்னர் 1951இல் மறையும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து நூல்கள் பல எழுதினார். ஆறு கிழமையில் மாவுக்கட்டுப் பிரிப்பார்கள் என்று நம்பியிருந்த காட்டாளருக்கு இவ்வரலாறு முழுமையாக எடுத்துரைக்கப்பட்டது. சான்றோரின் பெருமைக்கும் உறுநரின் தெம்புக்கும் உள்ள எதிர்விகிதம் இதனால் விளங்கும்.

ஆறு: பொதுமழைமொழி. மழை நல்லார்க்கும் பொல்லார்க்கும் பெய்வதுபோல் துன்பமும் எல்லார்க்கும் வரும் என்பது. சீலோவாம் கோபுரம் இடிந்து இறந்த 18 பேரும் ஏனையோரினும் தீயவர் அல்லர் என்று இயேசு கூறியதாக லூக்கா உரைக்கிறது. 1755 நவம்பர் 1, அனைத்துத் தூயர் பெருவிழா அன்று, மக்கள் கோயில்களில் திரண்டிருந்த வேளையில் லிசுபன் நகர் நிலநடுக்கத்தில் இடிந்தது. 1710இலேயே இவ்வுலகம் அமையக்கூடிய உலகங்களுள் தலைசிறந்தது என்று மெய்யியலார் லைப்னிட்சு நூல் எழுதி வைத்திருந்தார். 1759இல் வால்தேர் அதனை நகையாடி ஒரு கதை எழுதினார். மேலே கூறிய நோக்கியா ஆலை நின்றதும் நவம்பர் 1. நாள் ஒப்புமை கொண்டு பொருள் ஒப்புமை காணற்க. எனினும் ஒரே வரிசையில் அருகருகே நின்று கைப்பேசி பூட்டிய பற்றாளரும் பற்றிலாரும் ஒருங்கே வீட்டுக்குப் போயினர் என்பது மறுக்கவொண்ணாதது. 2015 திசம்பர் வெள்ளத்திலும் அடையாற்றங்கரை வீடுகளுள் திருச்சிலுவை தொங்கிய சுவரைத் தண்ணீர் ஒதுக்கிவிடவில்லை. ஆறனுள் இவ்வகைக்கே சான்றுகள் மிகுதி; வழக்கு மிகக் குறைவு. இதனைச் சொல்பவர்க்குச் சிறப்பில்லை, கேட்பவர்க்கும் சிறப்பில்லை என்பதே அதற்குக் கரணியம் என்க.

மூன்றாம் இயல்: இடமும் அளவும்

ஏன்மொழி வழங்கும் இடம் நான்கு. கட்டிலருகு, இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரிசை, நிறுவனப் பேருந்து, புலனக்குழு. கட்டிலருகில் உரைப்பது நீளும்; அமர நாற்காலி உண்டு. வரிசையில் உரைப்பது வில்லை எண் அழைக்கப்பட்டதும் அறும். பேருந்தில் உரைப்பது உறுநர் இல்லாத இடத்தில் உரைக்கப்படுவதால் முழு விடுதலையோடு விரியும். புலனத்தில் வருவது பெரும்பாலும் கதிரவன் எழும் படத்தோடு வரும். குழுவில் உள்ள அனைவரும் அதற்குக் கைகூப்புவர். காட்டாளரின் பேசி தலையணைக்கடியில் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

அளவு பற்றிய நூற்பா: நீளும் துன்பம், தேயும் ஏன்மொழி.

யோபுவின் நண்பருள் எலிப்பாசு மூன்று முறை பேசினார். பில்தாத்தும் மூன்று முறை பேசினார். ஆனால் மூன்றாவது உரை ஆறே அடிகள். சோப்பார் இரண்டு முறையோடு நின்றார். ஓட்டுத்துண்டால் புண்ணைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் இருந்த யோபுவின் துன்பம் இதற்கிடையே சிறிதும் குறையவில்லை. காட்டாளர் வீட்டிலும் முதற்கிழமையில் செருப்பு வைக்க வாயிலில் இடமில்லை. நான்காங்கிழமையில் வாடகை கேட்டு வந்தவரின் செருப்பு மட்டும் கிடந்தது.

ஒழிபியல்

மேற்கூறிய ஆறனுள் அடங்காமல் எஞ்சியவை இரண்டு.

முதலாவது, மொழியாமை. ஏனுரைஞர் போலவே வந்து, ஏன் என்பதனைச் சொல்லாது விடுவது. பேச்சே இல்லாதது ஏன்மொழி ஆகுமா என்று ஐயுறலாம். ஆகாது. எனினும் மறையில் வருவதால் தள்ளவும் இயலவில்லை: யோபுவின் நண்பர் மூவரும் வந்தவுடன் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். இது இருவகைப்படும். அமர்மொழியாமை, உடன் இருந்துவிட்டுப் போதல். ஆற்றுமொழியாமை, வாய் திறவாது ஏதேனும் ஒன்றைச் செய்தல். காட்டாளர்பால் இரண்டாம் வகையின் நிகழ்வுகள் சில காணப்பட்டன. பக்கத்து அறைப் பெண் ஒருவர் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். உடன் பணி செய்த இளைஞர் ஒருவர் கடவுச்சொல் மறந்துபோன பி.எஃப். கணக்கை மீட்டு, ஓ.டி.பி. வரும்வரை காத்திருந்து, பணம் கோரும் படிவத்தை நிரப்பினார். அவர் பற்றாளரா என்பதை எவரும் கேட்டிலர். வேறொருவர் துடைப்பமும் முறமும் கொண்டுபோய்ச் சாலை வளைவில் கிடந்த எம்-சாண்டைப் பெருக்கி ஓரம் தள்ளினார். இவற்றுள் ஏன் என்பதற்கு விடை எங்கும் இல்லாமையால் வகைப்பாட்டில் இடம் தர இயலவில்லை, ஒழிபியலில் வைத்தோம்.

இரண்டாவது, ஒறுப்பு. யோபு நூலின் முடிவில் இறைவன் மூன்று நண்பர் மீதும் சினந்து, அவர்கள் தம்மைப் பற்றிச் சரியானதைச் சொல்லவில்லை என்றார். ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் பலியிடுமாறும், யோபு அவர்களுக்காக மன்றாடுமாறும் பணித்தார். ஏனுரைத்தலுக்கு மறையில் எழுதப்பட்ட ஒறுப்பு இது ஒன்றே. ஏழு காளை, ஏழு கடாவின் இன்றைய விலையை மாணாக்கன் அருகிலுள்ள சந்தையில் கேட்டறிக. துன்புற்றவரே துன்புறுத்தியவர்க்காக மன்றாட வேண்டியதாயிற்று என்பதும் அறிக. "ஏன்" என்று யோபு கேட்டதற்கு மட்டும் முடிவுவரை விடை தரப்படவில்லை. விண்மீனும் காட்டுக்கழுதையும் முதலையும் காட்டப்பட்டன.

இங்கே ஒரு தடை எழுப்புவர்: ஏன்மொழி அனைத்தையும் வகுத்துரைக்கும் இந்நூலாசிரியர் எவ்வகையினர்? எவ்வகையினரும் அல்லர் என்பது விடை. இதற்கு முன்னோடி எலிகூ. மூவரும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவர்களைப்போல் தாம் விடை கூறப்போவதில்லை என்று முன்னரே அறிவித்து, பின்னர் 32 முதல் 37 வரை ஆறு பகுதிகள் இடையறாது பேசியவர் அவர். அவருக்கு யோபுவும் மறுமொழி கூறவில்லை, நண்பரும் கூறவில்லை, இறைவனும் கூறவில்லை. இதனை அனைவரது இசைவாகக் கொள்க.

பயிற்சி

1. "ஆண்டவர் தாங்கக்கூடிய பாரத்தைத்தான் கொடுப்பார்" என்பதனை வகை, கிளை காட்டி விளக்குக. உரைப்பவர் அவ்வேளை எதனைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் குறிப்பிடுக.

2. ஒரே மாலையில் குறைதேடுமொழியும் பகைமொழியும் கேட்ட உறுநர், தாம் தீயவராதலின் அடிபட்டாரா, நல்லவராதலின் அடிபட்டாரா என மயங்குகிறார். அவர் மயக்கத்தைத் தீர்க்க மேலும் எத்தனை ஏனுரைஞர் வேண்டும்?

3. இந்நூலைக் கற்றுத் தேர்ந்த மாணாக்கன் உறுநர் வீட்டுக்கு எந்நாள் செல்லலாம்? (விடை: முதல் நாளே செல்க. மறைவழக்கின்படி ஏழு நாள் பேசாதிருந்து, ஏன்மொழியை எட்டாம் நாள் தொடங்குக. அந்நாளில் அரிசி வாங்கவோ மருந்து வாங்கவோ யாரேனும் அனுப்பினால், முதலில் அதற்குச் செல்க. ஏன்மொழியை அடுத்த உறுநர்க்கு வைத்துக்கொள்ளலாம். அது கெட்டுப்போகும் பொருள் அன்று.)